நாடகமும் சீட்டுப் புத்தகமும்

ஈழத்துத் தமிழ் நாடகத்தின் வரலாற்றை எழுதியோர் நாடகாசிரியரைப் பற்றி எழுதினர். அண்ணாவிமாரைப் பற்றியும் நடிகரைப் பற்றியும் எழுதினர். திரை விலகுவதற்கு முந்திய வாரங்களிலே, கையிற் சீட்டுப் புத்தகத்துடன் படலை படலையாக ஏறி இறங்கியவனைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. சிறிய குழுவொன்று நாடகத்தை ஆக்குவதற்குச் செலவிடும் உழைப்பிலும், அதனைப் பார்க்க மக்களை அழைத்து வருவதற்குச் செலவிடும் உழைப்பே பெரிதாகிவிட்டதை அனுபவமுடையோர் அறிவர். இந்நிலை எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது நோக்குவோம்.

மட்டக்களப்பு நாட்டுக்கூத்து மரபிலே இவ்வுழைப்புத் தனியாக இருந்ததில்லை. ஊரார் கூடிப் பாத்திரங்களைப் பங்கிட்டுச் சட்டங் கொடுப்பர். பின்னர் மாதக்கணக்காக இரவுதோறும் பழக்கம் நடைபெறும். சதங்கை அணிதலும் அடுக்குப் பார்த்தலும் முடிந்த பின்னரே அரங்கேற்றம். களரியிலே கூத்து ஏறும் வேளையில் ஊர்ச் சிறுவர்க்குப் பாடல்கள் பாதி மனனமாகியிருக்கும். மத்தள ஒலிக்கு மேலாக அங்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. அரங்கேற்றத்தின் பின் ஆட்டக்காரர் வீடு வீடாகச் சென்று ஆடினர்; வீட்டார் மனமுவந்து அன்பளிப்புச் செய்தனர். பழகுங் காலமே ஊரைக் கூட்டும் காலமாகவும் அமைந்தது.

இதனைக் கூறுவதால் அக்காலத்தைப் பொற்காலமென நாம் கருதுவதாக எவரும் எண்ணவேண்டியதில்லை. கூத்தும் சாதி வட்டங்களுக்குள்ளேயே ஆடப்பட்டது. பறையறைந்து ஊருக்குச் சேதி சொல்லும் தொழிலைச் சிலர்மேற் சுமத்திய சமூகம், அவர்களைச் சபையிலே சமமாக அமர்த்த மறுத்தது என்பதையும் மறத்தலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பார்சி முறையைத் தழுவிய தென்னிந்திய நாடகக் குழுக்கள் இங்கு வரத் தொடங்கின. கொட்டகைகள் எழுந்தன, வாயிலிலே காசு வாங்கப்பட்டது. ஊரவனாக இருந்த பார்வையாளன் வாங்குபவனானான். வாங்குபவனைத் தேடிப் பிடித்தாக வேண்டும். படத்தட்டி கட்டிய மாட்டுவண்டியும், அதன்மேல் மேளமும், துண்டுப் பிரசுரங்களைப் பொறுக்க அதன் பின்னே ஓடும் சிறுவர் கூட்டமும் இத்தேவையின் பிள்ளைகளே.

அடுத்து வந்தோர் பயில்முறைக் கலைஞர். சென்னையில் 1891 ஆம் ஆண்டில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் 1911 இல் இலங்கை வந்தார். அவர்தம் நாடகங்களால் ஈர்க்கப்பட்டோருள் கலையரசு சொர்ணலிங்கம் முதன்மையானவர். 1913 இல் கொழும்பிலே லங்கா சுபோத விலாச சபையும், 1914 இல் யாழ்ப்பாணத்திலே சரஸ்வதி விலாச சபையும் தோன்றின. கூத்தாடுதல் இழிதொழில் என்னும் எண்ணத்தைக் கல்வியும் உத்தியோகமும் உடையோர் மேடையேறித் தகர்த்தனர். அது பெருந்தொண்டு. எனினும் இத்தகைய சபைகளின் நாடகங்களுக்குச் சீட்டு விற்கப்பட்டது பெரும்பாலும் தெரிந்தவர் வட்டத்துள்ளேயே. கந்தோரில் மேலதிகாரி நீட்டும் சீட்டை வேண்டாமென்று சொல்லத் துணியும் எழுதுவினைஞன் யார்? சீட்டு விற்றுத் தீர்வதும் சபை நிறைவதும் வெவ்வேறு காரியங்களாயின.

மறுபுறத்தில், காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து வேறொரு வழியைக் காட்டினார். அவருடைய மயான காண்டம் ஆயிரக்கணக்கான முறை மேடையேறியதெனின், அதற்கு அவரது குரலும் நடிப்பும் மாத்திரம் காரணமல்ல. திருவிழா இரவுகளிலே மக்கள் கூடியிருந்த கோயில் வீதிக்கே நாடகம் சென்றது. செலவை உபயகாரர் ஏற்றனர். ஆயினும் உபயகாரர் விரும்பாத பொருளை அம்மேடையிலே பேசுதல் எளிதன்று.

விரும்பாத பொருளையும் பேசிக்கொண்டு மக்களிடம் செல்ல முடியுமா என்னும் வினாவிற்கு 1969 இல் ஒரு விடை கிடைத்தது. மாவிட்டபுரத்திலே 1968 இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டிருந்த சூழலில், என். கே. ரகுநாதனின் கந்தன் கருணையை அம்பலத்தாடிகள் கூத்துருவிலே மேடையேற்றினர். போராடிய மக்களுக்கு அது பிறர் கதையன்று. தம் கதை நடிக்கப்படுகின்றது என்ற செய்தியை எடுத்துச் செல்ல மாட்டுவண்டி வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் ஏட்டிலே படித்திருந்தும் நாம் பாடம் கற்றது பட்ட பின்னரே. சில ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் ஐவரும் பழைய மாணவர் சிலருமாக ஒரு மணிநேர நாடகமொன்றைத் தயாரித்தோம். பாடசாலை விட்டதும் ஒத்திகை. ஒத்திகை முடிந்ததும் துவிச்சக்கர வண்டியிலே சீட்டு விற்பனை. இரவிலே கோதுமை மாப் பசையும் சுவரொட்டியும். கைத்தொலைபேசியில் அனுப்பிய அழைப்புகளுக்குக் கூப்பிய கைகள் மறுமொழியாக வந்தன. கதாநாயகனாக நடித்தவர் தொண்டை கட்டிப்போய் மேடையேறினார். வசனம் பேசியதால் அன்று, கடை கடையாகக் கெஞ்சியதால். சீட்டுகள் யாவும் விற்றன. நாற்காலிகளிற் பாதி வெறுமையாகக் கிடந்தன. சீட்டை வாங்கியோர் எமது முகத்துக்காகவே வாங்கியிருந்தனர்.

மறுமுறை அந்நாடகத்தையே ஒரு கிராமத்து வாசிகசாலை முற்றத்திலே பழகினோம். தோட்டவேலை முடித்து வந்தவர்கள் வேலியோரம் நின்று பார்த்தனர். வெங்காயம் கட்டும் முறை பிழையென்று ஒரு மூதாட்டி எம்மைத் திருத்தினார். மேடையேற்றிய இரவிலே இருக்க இடமில்லை. உண்டியலிற் சேர்ந்த பணமோ ஒளியமைப்புச் செலவுக்கும் போதவில்லை. எமது களைப்பும் குறைந்ததென்று சொல்ல மாட்டோம். ஆனால் அக்களைப்பு நாடகத்தின் பொருட்டே நேர்ந்தது.

மக்கள் நாடகம் பார்க்க வருவதில்லை என்று குறைகூறுவோர், மக்கள் காணாத அறையிலே நாடகத்தைச் சமைத்துவிட்டு, உண்ண மாத்திரம் அவர்களை அழைக்கின்றனர். அடுக்களையிலும் அவர்களுக்கு இடம் வேண்டும். சீட்டுப் புத்தகத்தை முற்றாகக் கைவிட எம்மால் இயலாது. மண்டபத்துக்கு வாடகை கொடுத்தே ஆகவேண்டும். எனினும் ஒத்திகையின் கதவைத் திறந்து வைக்கக் காசு வேண்டியதில்லை. அண்ணாவிமார் அறிந்திருந்த அவ்வுண்மையிலிருந்தே எமது அடுத்த நாடகத்தைத் தொடங்குவோம்.