கொயினாவும் பருப்பும்: 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் பற்றிய ஒரு நோக்கு

ஆரோக்கியம் என்பது நோயின்மை மட்டுமன்று; உடல், உள, சமூக நலன்கள் நிறைந்திருக்கும் நிலையே அது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யாப்பு தரும் கருத்தாகும். 1946இல் வரையப்பெற்று 1948இல் நடைமுறைக்கு வந்த இவ்வரைவிலக்கணத்தை மேனாட்டு மாநாட்டு மண்டபமொன்றிலே பிறந்த இலட்சிய வாசகமாகக் கொள்வோர் பலர். ஆயின், அது எழுதப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னரே அதன் பொருளை இலங்கை மக்கள் மிகக் கொடிய முறையில் உணர நேர்ந்தது.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுரு ஓயா முதலியன வற்றி, அவற்றின் படுக்கைகளிலே குட்டைகள் மாத்திரமே எஞ்சின. இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இன நுளம்புக்கு வெயில் படும் தெளிந்த தேங்குநீரே உகந்தது. பெருகியோடும் ஆறு அதன் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். ஆகவே வரட்சியே நோயின் தாயாயிற்று. ஆண்டிறுதியிற் பரவத் தொடங்கிய காய்ச்சல் 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி தீவின் சனத்தொகை சுமார் 53 இலட்சமே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மலேரியா நெடுங்காலமாக நிலைகொண்டிருந்த வறண்ட வலயத்தைக் காட்டிலும், கேகாலை, குருநாகல் மாவட்டங்களே பேரழிவைக் கண்டன. வறண்ட வலயத்தில் மண்ணீரல் வீங்கிய நிலையிற் பிழைத்து வளர்ந்தோருக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. கேகாலையாருக்கு அது இருக்கவில்லை. இவ்விளக்கம் சரியானதே, எனினும் முழுமையானதன்று. நுளம்பு செல்வனையும் கடிக்கும், வறியவனையும் கடிக்கும். சாவோ அவ்வாறு சமமாகப் பங்கிடப்படவில்லை. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தினால் இறப்பர், தெங்கு ஆகியவற்றின் விலைகள் வீழ்ந்து கூலிவேலை அருகியிருந்தது. அதன்மேல் வரட்சி வயலையும் கெடுத்தது. மெலிந்த உடல்களையே, சிறப்பாகக் குழந்தைகளையே, காய்ச்சல் எளிதில் வீழ்த்தியது. அரசாங்க மருந்தகங்கள் வழங்கிய கொயினா சுரத்தைத் தணித்தது. வயிற்றை அது நிரப்பவில்லை.

இவ்வுண்மையை விரைந்து உணர்ந்தவர்களுள் சூரியமல் இயக்கத்தினர் குறிப்பிடத்தக்கவர். நவம்பர் 11ஆந் திகதி விற்கப்பட்ட பொப்பிப் பூவின் வருவாயிற் பெரும்பகுதி பிரித்தானிய முன்னாட் போர்வீரருக்கே செல்கின்றது என்பதனால், அதற்கு மாற்றாகச் சூரியமல்லை, அதாவது நம் வேலிகளிற் பூக்கும் பூவரசம் பூவை, விற்றவர்கள் அவர்கள். கொள்ளைநோய் மூண்டபோது வைத்தியரான எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் கிராமங்களுக்குச் சென்று மருந்தோடு உணவும் வழங்கினர். பருப்புப் பங்கிட்டமையால் என். எம். பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தையா' என அழைத்தனர் என்பர். பரிகாசம் போல ஒலிக்கும் இப்பெயர் உண்மையில் ஒரு நோய் நிர்ணயம்! 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலிற் பெரேரா கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லையிலும் குணவர்த்தன அவிசாவளையிலும் வென்றனர். இதனை நன்றிக்கடன் என மட்டுங் கூறுவது மக்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். தம் நோய்க்கும் தம் வறுமைக்கும் இடையே உள்ள உறவை அவர்கள் கண்டுகொண்டனர் என்பதே பொருத்தமாகும்.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 1926இற் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பகுதி முறை கொள்ளைநோயின் பின் விரிவாக்கப்பட்டது. 1942 முதல் அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 1946இல் டி. டி. ரி. தெளிப்புத் தீவெங்கும் பரவலாயிற்று. அவ்வாண்டில் ஆயிரத்துக்கு 20.3 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14.3 ஆக வீழ்ந்தது. இவ்வீழ்ச்சி யாருடைய வெற்றி? பீற்றர் நியூமன் போன்றோர் மலேரியா ஒழிப்புக்கே பெரும்பங்கு அளித்தனர். எஸ். ஏ. மீகமவோ, மலேரியா அதிகமற்ற பகுதிகளிலும் இறப்பு வீதம் குறைந்தமையைச் சுட்டி, மருத்துவ சேவைகளின் விரிவையும் உணவு நிலையையும் முன்வைத்தார். தெளிப்பின் பயனை மறுத்தற்கில்லை. எனினும் மீகமவின் கேள்வியே வரலாற்று மாணவர்க்குக் கூடுதற் பயனுடையது. ஒரு மருந்தின் பெயரால் ஒரு சமூக மாற்றம் மறைக்கப்படுவதை அது தடுக்கின்றது.

பின்னர் நிகழ்ந்தவையும் இவ்விவாதத்துக்கு ஒளியூட்டுவன. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். கண்காணிப்புத் தளர்ந்த பின்னர் 1967-69இல் நோய் மீண்டும் பரவி, 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. ஆயினும் முப்பதுகளின் சாவு திரும்பி வரவில்லை. அதே நோய்தான். ஆனால் இம்முறை அது நுழைந்த வீட்டிற் பங்கீட்டு அரிசி இருந்தது. அருகே ஓர் அரசாங்க வைத்தியசாலை இருந்தது. காய்ச்சற்காரர் எவரும் பணம் கொடாமலே அங்கு செல்ல முடிந்தது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்றளிக்கப்பட்டது.