கேட்டரிங் படிப்பில் சேர்ந்தாச்சா? செப் கோட்டு, கத்தி வாங்குமுன் இதைப் படிங்க!

திருச்சி,

பிளஸ்-2 முடித்ததும் கேட்டரிங் படிக்க வேண்டும் என்று ஆசைப்படும் மாணவ-மாணவிகள் பலர் உண்டு. சென்னை தரமணி, திருச்சி துவாக்குடி ஆகிய இடங்களில் அரசு ஓட்டல் மேலாண்மை கல்வி நிலையங்கள் உள்ளன. ஐ.டி.ஐ.க்களில் சொல்லித்தரும் உணவு தயாரிப்பு தொழிற்பிரிவு 1 ஆண்டு படிப்பு.

கடன உடன வாங்கி பீஸ் கட்டி முடித்து பெருமூச்சு விடும்போதுதான் பெற்றோர் கைக்கு ஒரு பட்டியல் வரும். செப் கோட்டு, கட்டம் போட்ட பேன்ட், ஏப்ரன், தொப்பி, கழுத்துத்துணி, ஷூ, கத்தி செட் என்று நீளும். இவை இல்லாமல் சமையல் பிராக்டிகல் வகுப்பில் நிற்க முடியாது. கூலி வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இது பெரிய பாரம்தான்.

முதலில் கேளுங்கள்

பட்டியலைப் பார்த்ததும் கடைக்கு ஓடக்கூடாது. முதலில் கல்லூரியில் 3 விஷயங்களை கேட்டு தெரிந்துகொள்ள வேண்டும். கோட்டில் கல்லூரி முத்திரை வேண்டுமா? வெளியே தைத்துக் கொள்ளலாமா? எந்தப் பொருள் முதல் மாதமே தேவை, எது பிறகு வாங்கினால் போதும்?

கல்லூரியே கத்தி கொடுக்கிறது என்றால் அந்தச் செலவு மிச்சம்.

துணியில் கவனம்

செப் கோட்டின் முன்பக்கம் இரட்டை மடிப்பாக இருப்பது அழகுக்கு அல்ல. அடுப்பு சூடும், கொதிக்கும் எண்ணெயும் நேரடியாக உடம்பில் படாமல் அது தடுக்கும். ஒரு பக்கம் கறையானால் மறுபக்கத்தை மேலே மாற்றிப் போட்டுக் கொள்ளலாம்.

விலை குறைவு என்று முழு பாலியஸ்டர் துணி எடுக்கவே கூடாது. தீப்பட்டால் அது உருகி தோலில் ஒட்டிக்கொள்ளும். கெட்டியான காட்டன் துணிதான் நல்லது. பாலியஸ்டர் கலந்த துணி சீக்கிரம் காயும், கசங்காது. ஆனால் அடுப்பு பக்கம் காட்டனே பாதுகாப்பு.

ரெடிமேட் விலை கட்டுப்படி ஆகாதவர்கள் துணி எடுத்து டெய்லரிடம் தைக்கலாம். எத்தனை மீட்டர் வேண்டும் என்று டெய்லரிடம் கேட்டுவிட்டு துணி எடுப்பது நல்லது. காட்டன் துணியை தைக்கும் முன்பு ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே கோட்டு சுருங்கி, கை குட்டையாகி விடும்.

திருச்சிக்காரர்கள் சிங்காரத்தோப்பு, பெரிய கடை வீதியிலும், சென்னைக்காரர்கள் பாரிமுனை பகுதியிலும் 4 கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம். நாலைந்து மாணவர்கள் சேர்ந்து மொத்தமாக எடுத்தால் பேரம் பேச வசதி.

கத்தி எத்தனை?

12 கத்தி, 15 கத்தி என்று பெட்டியில் வரும் செட்டை பார்த்து மயங்க வேண்டாம். ஆரம்பத்தில் 8 அங்குல பெரிய கத்தி ஒன்று, 3 அல்லது 4 அங்குல சின்ன கத்தி ஒன்று, தோல் சீவி ஒன்று போதும். மலிவான பெரிய செட்டை விட நல்ல கத்தி இரண்டு மேல்.

கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். இரும்பும் கைப்பிடியும் சேரும் இடத்தில் ஆட்டம் இருந்தால் வேண்டாம். மொட்டைக் கத்தியில்தான் அழுத்தி வெட்டும்போது வழுக்கி கையை அதிகம் கிழிக்கும். பஸ்சில் கொண்டு போகும்போது முனையை கெட்டி அட்டையில் பொதிந்து, துணியில் சுருட்டி வைக்க வேண்டும்.

ஷூவில் மிச்சம் பிடிக்காதீங்க

சீனியர் மாணவர்களின் பழைய கோட்டு, ஏப்ரன், தொப்பியை துவைத்து பயன்படுத்தலாம். ஷூ மட்டும் புதிதாக, கால் அளவுக்கு வாங்க வேண்டும். விரல் மூடியதாகவும், எண்ணெய் தரையில் வழுக்காத அடிப்பாகத்துடனும் இருப்பது அவசியம். கான்வாஸ் ஷூவில் கொதிநீர் உடனே உள்ளே இறங்கிவிடும். பாதுகாப்பு ஷூ வாங்குபவர்கள் ஐ.எஸ். 15298 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம்.

உதவி உண்டு

தமிழக அரசு ஐ.டி.ஐ.க்களில் படிப்பவர்களுக்கு சீருடை, ஷூ இலவசமாக வழங்கப்படுகிறது. பட்டியல் இன, பழங்குடியின மாணவர்கள் மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் கேட்டரிங் பயிற்சி உதவி பற்றி விசாரிக்கலாம்.

கையில் பணம் குறைவா? ஷூ, ஒரு கோட்டு, ஒரு பேன்ட், ஏப்ரன், தொப்பி, 2 கத்தி. இதோடு ஆரம்பிக்கலாம். கேக் அலங்கார நாசில், அச்சு எல்லாம் அந்த வகுப்பு வரும்போது பார்த்துக் கொள்ளலாம். வட்டிக்கு வாங்கி ஒரே நாளில் எல்லாம் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை.