பெண் குழந்தைக்கு நீர்க்கடுப்பா? ‘சூடு’ன்னு விட்டுடாதீங்க!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் அப்பா, அம்மா இருவரும் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீடுகள் உண்டு. மகள் ‘ஒன்னுக்குப் போனா எரியுதும்மா’ என்றால், ‘உடம்பு சூடு, மோர் குடி’ என்று சமாளித்துவிடுவோம். ஆனால் காரணம் வேறாக இருக்கலாம்.

ஏன் எரிகிறது?
பெண் குழந்தைகளுக்கு சிறுநீர்க்குழாய் நீளம் குறைவு. கிருமி எளிதில் உள்ளே போகும். ஸ்கூலில் டாய்லெட் போகாமல் அடக்குவது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, மலச்சிக்கல் ஆகியவை தொற்றுக்கு வழிவகுக்கும். சோப்பு, இறுக்கமான உள்ளாடை, கீரிப்பூச்சி ஆகியவற்றால் தொற்று இல்லாமலும் எரியலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?
அந்த இடத்தில் சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். முன்பக்கமிருந்து பின்பக்கமாகக் கழுவப் பழக்குங்கள். காட்டன் உள்ளாடை நல்லது.

எப்போது டாக்டரிடம்?
எரிச்சலோடு காய்ச்சல், வாந்தி, முதுகுவலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். வார லீவு வரட்டும் என்று காத்திருந்தால் தொற்று சிறுநீரகம் வரை பரவலாம். மற்றபடி, எரிச்சல் ஓரிரு நாளில் குறையாவிட்டாலும், வெள்ளைப்படுதல் இருந்தாலும் காட்டுங்கள்.

மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கவே கூடாது. முதலில் யூரின் டெஸ்ட், பிறகுதான் மருந்து. நைட் ஷிஃப்ட்டில் இருந்தாலும் 104-க்கு போன் செய்து ஆலோசனை கேட்கலாம்.