வெப்பத்தை ஆளக் கற்ற வரலாறு



மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஆண்டு முழுவதும் ஞாயிற்றின் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரும் பண்டகசாலை என்று அதனைச் சொல்லலாம். அவ்வாவியின் கரையில் வாழ்வோருக்கு வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் குளிர்ச்சிக்கே. விடியற்காலையில் தோணியிலிருந்து இறங்கும் இறாலும் மீனும் உச்சிப்பொழுதாவதற்குள் விலைபோகாவிடின், உழைப்பனைத்தும் வீணாகும். ஆகவே, வேண்டாத இடத்திலுள்ள வெப்பத்தை எடுத்து வேறோரிடத்திற் கொண்டுபோய்க் கொட்டும் வழி யாது என்பது இப்பகுதி மக்களுக்கு வயிற்றோடு தொடர்புடைய வினாவாகும். அவ்வழியை மனிதன் கண்ட வரலாற்றையும், கண்ட வழியைத் தன் ஆணைக்குள் அடக்கிய வரலாற்றையும் இன்று சிறிது ஆராய்வோம்.

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்ற வேண்டுமாயின் துலா மிதிக்க வேண்டும். வெப்பத்தின் இயல்பும் இத்தகையதே. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு அது தானே செல்லும். குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு அதனை ஏற்றுவதற்கு ஒரு துலா வேண்டும். அத்துலாவையே வெப்பப் பம்பி என்கிறோம். நம் வீடுகளிலுள்ள குளிர்சாதனப் பெட்டியும், அலுவலகச் சுவரிலுள்ள குளிரூட்டியும், குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் பொறியும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. குளிர்ந்த முனையை வீட்டுக்குள் வைத்தால் குளிரூட்டி. சூடான முனையை உள்ளே வைத்தால் வெப்பமூட்டி. வேறுபாடு அவ்வளவே.

இப்பொறி தோன்றுமுன்னர் வெப்பமண்டலத்தில் குளிர்ச்சி கப்பலேறி வந்தது என்றால் இன்றைய இளைஞர் வியப்பர். அமெரிக்காவின் பொசுற்றன் நகர வணிகரான பிரெடரிக் தியூடர் என்பவர், அந்நாட்டு ஏரிகளில் மாரிகாலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளிற் பொதிந்து, 1833ஆம் ஆண்டிற் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பல மாதக் கடற்பயணத்தில் ஒரு பகுதி கரைந்தபோதும், எஞ்சியது நல்ல விலை பெற்றது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம், அப்பனிக்கட்டியைச் சேமிப்பதற்கென 1842இல் எழுப்பப்பட்டதே. அப்பகுதிக்கு ஐஸ் அவுஸ் என்ற பெயர் அதனாலேயே நிலைத்தது. செயற்கையாகப் பனிக்கட்டி செய்யும் நீராவிப் பொறிகள் இந்தியாவிற் பரவியதும் அவ்வணிகம் மறைந்தது.

அப்பொறிகளுக்கு வித்திட்ட உண்மை எளிது. ஈரத்துணியைக் காற்றில் உலர்த்தினால் அது குளிர்கிறது. மண்பானை நீர் தண்ணென்றிருப்பதும் இதனாலேயே. நீர்மம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. வில்லியம் கலன் என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஈதர் என்னும் நீர்மத்தைக் குறைந்த அமுக்கத்தில் ஆவியாக்கிக் குளிர்ச்சி உண்டாக்கிக் காட்டினார். அவ்வாவியை மீண்டும் அமுக்கினால் அது சூடேறும். குளிர்வித்தால் மறுபடி நீர்மமாகித் தான் கவர்ந்த வெப்பத்தை வெளியே உமிழும். இந்தச் சுழற்சியை ஒரு பொறியாக அமைத்து, 1834இல் இலண்டனில் உரிமை பெற்றவர் யேக்கப் பேக்கின்சு ஆவர். ஆவியாதல், அமுக்குதல், ஒடுங்குதல், விரிதல் என்னும் இந்நான்கு படிகளே இன்றைய குளிரூட்டியிலும் நடைபெறுகின்றன.

இதே சுழற்சியைச் சூடாக்குவதற்கும் கையாளலாம் என்று 1852இல் எடுத்துரைத்தவர் வில்லியம் தொம்சன். பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர். ஒரு பங்கு ஆற்றலைச் செலவிட்டு அதனினும் பன்மடங்கு வெப்பத்தைச் சேர்க்கலாம் என்பது அவர் கூற்று. இது மாயமன்று. ஆற்றல் புதிதாகப் பிறப்பதில்லை. வெளியே கிடந்த வெப்பம் உள்ளே சுமந்துவரப்படுகிறது. சுமைகூலி மட்டுமே நாம் கொடுப்பது.

கருத்துத் தோன்றியபின் செயல் வருவதற்குக் காலம் சென்றது. ஆசுத்திரியாவிற் பீற்றர் வொன் இறிற்றிங்கர் என்பவர் 1850களில், எபென்சே என்னும் ஊரின் உப்பளத்தில், உப்புநீரைக் காய்ச்சி வரும் ஆவியையே அமுக்கிச் சூடேற்றி மீண்டும் காய்ச்சுவதற்குப் பயன்படுத்த முயன்றார். பின்னர், நிலக்கரிக்குப் பிற நாடுகளை எதிர்பார்த்திருந்த சுவிற்சர்லாந்து இத்துறையில் முன்னின்றது. சூரிச்சு நகர மண்டபத்துக்கு 1937–38ஆம் ஆண்டுகளில் ஒரு வெப்பப் பம்பி அமைக்கப்பட்டது. மண்டபத்தின் அடியில் ஓடும் இலிம்மாற்று ஆற்றின் குளிர்ந்த நீரிலிருந்தே அது வெப்பத்தை எடுத்தது! பனிக்கால ஆற்றுநீரிலும் எடுக்கத்தக்க வெப்பம் உண்டென்பதை அது உலகுக்குக் காட்டிற்று. அப்பொறி அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 2001இலேயே ஓய்வு பெற்றது. இங்கிலாந்தின் நோறிச்சு நகரில் யோன் சம்னர் என்னும் பொறியியலாளர், போர்க்காலத் தட்டுப்பாட்டினிடையே கிடைத்த பழைய உறுப்புகளைக் கொண்டு 1945இல் ஒன்றை அமைத்து, ஆற்றிலிருந்து வெப்பமெடுத்துத் தம் அலுவலகக் கட்டடத்தைச் சூடாக்கினார். அவர் அதனை ஓட்டியதோடு அமையவில்லை, கணக்கும் எடுத்தார். ஒரு பங்கு மின்னாற்றலுக்கு மூன்று பங்குக்கு மேற்பட்ட வெப்பம் கிடைத்ததென அளவுகள் காட்டின.

இதுவரை கூறியது துலாவின் கதை. துலாவை எப்போது மிதிப்பது, எப்போது நிறுத்துவது என்று கட்டளையிடுபவன் யார்? கட்டளையிடுவோன் இல்லாத பொறி, கடிவாளமில்லாத குதிரை போன்றது.

இக்கடிவாளத்தின் வரலாறு வெப்பப் பம்பியினும் பழையது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒல்லாந்தரான கோணேலியசு திரெபெல், கோழிமுட்டைகளைப் பொரிக்க வைக்கும் அடுப்பொன்றை அமைத்தார். சூடு மிகுந்தால் உள்ளிருக்கும் நீர்மம் விரிந்து இரசத்தைத் தள்ளும், இரசம் காற்றுவாயிலை மூடும், நெருப்புத் தணியும். தன் சூட்டைத் தானே அறிந்து தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கருவி அது. இருவேறு உலோகங்களை ஒட்டிய தகடு சூட்டில் வளைவதைக் கொண்டு 1830இல் ஒரு சீராக்கிக்கு உரிமை பெற்றார் அந்திரூ யூர். அமெரிக்காவில் ஆசிரியராயிருந்த உவாரன் யோன்சனைத் தொல்லைப்படுத்தியது வகுப்பறைச் சூடு. பணியாள் அடிக்கடி அறைக்குள் வந்து வெப்பமானியைப் பார்த்து, நிலவறைக்குச் சென்று காற்றுவாயிலைத் திருப்புவது வழக்கம். பாடம் தடைப்படும், மாணவர் நடுங்குவர். அதனைத் தவிர்க்க, அறையின் சூட்டை மின்மணியால் நிலவறைக்கு அறிவிக்கும் கருவியொன்றை அமைத்து, 1883இல் உரிமை பெற்றார். அறிபவனும் செய்பவனும் வெவ்வேறிடத்திலிருந்து ஒரு கம்பியாற் பேசிக்கொண்டமை பெரியதொரு மாற்றமாகும்.

பின் வந்த நூற்றாண்டில் அக்கம்பி நுண்மை பெற்றது. வெள்ளிச் சல்பைட்டின் மின்தடை சூடேறும்போது குறைவதை மைக்கேல் பரடே 1833இலேயே கண்டிருந்தார். இத்தன்மையுடைய சிறு மணிகள் பின்னர் வெப்ப உணரிகளாயின. 1947இல் திரான்சிற்றரும், 1971இல் ஒரே சில்லில் அடங்கிய நுண்செயலியும் வந்தபின், முன்பு சுவர்முழுதும் பரவிய கட்டுப்பாடுகள் உள்ளங்கையளவு பலகையொன்றில் அடங்கின. 1980களின் தொடக்கத்தில் யப்பானிய உற்பத்தியாளர், அமுக்கியின் வேகத்தையே தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் குளிரூட்டிகளை வீடுகளுக்குத் தந்தனர்.

இந்த முன்னேற்றத்துக்கு ஒரு கசப்பான பாடமும் காரணமாயிற்று. 1950களிலும் 1960களிலும் அமெரிக்க வீடுகளிற் பொருத்தப்பட்ட வெப்பப் பம்பிகள் பல, அமுக்கி பழுதடைந்தும் வெளிச்சுருளில் உறைபனி மூடியும் கெட்ட பெயர் ஈட்டின. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே மக்கள் அவற்றை மீண்டும் நாடினர். பொறியின் கருத்திற் குறையில்லை. பொருத்தியதிலும், ஆண்டதிலும், சோதித்ததிலுமே குறையிருந்தது.

ஆகவே, கட்டுப்பாட்டுப் பலகையொன்றைப் பொருத்திச் சோதிக்கும் முறையைச் சற்று நின்று பார்ப்பது தகும். முதலாவதாக, மின்னைத் துண்டித்தல். துண்டித்தபின்னும் ஆபத்து நீங்குவதில்லை. நமது 230 வோல்ற்று மின்னை நேரோட்டமாக்கும் பலகையில், ஏறத்தாழ 325 வோல்ற்று மின்தேக்கிகளிற் பதுங்கியிருக்கும். சில நிமிடம் பொறுத்து, அளந்து பார்த்த பின்னரே கைவைக்க வேண்டும். பொறுமையற்ற விரலை அது மன்னிப்பதில்லை.

இரண்டாவது, பலகையிலுள்ள குறு ஆளிகளைப் பொறியின் வகைக்கேற்ப அமைத்தல். சூடாக்கலுக்கும் குளிராக்கலுக்கும் இடையே ஓட்டத்தை மாற்றும் வால்வு ஒன்றுண்டு. சில உற்பத்தியாளர் குளிராக்கும்போது அதற்கு மின் தருவர். சிலர் சூடாக்கும்போது தருவர். இதனை மாற்றி அமைத்தால், குளிர் கேட்டவனுக்குச் சூடு கிடைக்கும்.

மூன்றாவது, உணரிகளைச் சோதித்தல். பெரும்பாலும் வழங்கும் ஒருவகை உணரி 25 பாகை செல்சியசில் 10,000 ஓம் தடை காட்டும். அதனை உருகும் பனிக்கட்டி கலந்த நீரில் அமிழ்த்தினால், பூச்சியப் பாகையில், தடை 30,000 ஓமுக்கு மேல் ஏறும். அவ்வாறு ஏறாத உணரி பொய் சொல்லும் ஒற்றனாகும். வேறு வகை உணரியைப் பொருத்தினாலும் கேடுதான். அது மெய்யே சொன்னாலும் பலகை அதன் மொழியைத் தவறாகப் பொருள் கொள்ளும்.

நான்காவது, அமுக்கியின் கம்பியை விலக்கி வைத்துப் பலகைக்கு மட்டும் மின் கொடுத்து, ஒழுங்கைக் கவனித்தல். விசிறி இயங்குகிறதா, வால்வு திரும்புகிறதா, அமுக்கிக்குரிய கட்டளை மூன்று முதல் ஐந்து நிமிடம் தாழ்த்தி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தத் தாமதம் சோம்பலன்று. நின்ற பொறியில் இருபக்க அமுக்கமும் சமனாகுமுன் மீண்டும் ஓடத் தொடங்கினால், அமுக்கி திணறி, மிகுந்த மின்னோட்டத்தை இழுத்து, அதன் கம்பிச்சுருள் எரியும். இறுதியாக, உணரிகளுக்குப் பதிலாக அளவறிந்த தடைகளை இணைத்துப் பலகைக்குப் பொய்க் கோடையையும் பொய்ப் பனியையும் காட்ட வேண்டும். காப்பு ஆளிகளைத் திறந்து, பொறி உடனே நிற்கிறதா என்றும் அறிய வேண்டும். இவற்றில் தேறிய பின்னரே அமுக்கியை இணைத்து, காற்றின் சூட்டு வேறுபாட்டையும் மின்னோட்டத்தையும் அளக்கலாம். ஓடுகிறதா என்று பார்ப்பது சோதனையிற் பாதியே. நிற்கவேண்டிய வேளையில் நிற்கிறதா என்று பார்ப்பதே மற்றப் பாதி.

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம். இங்கே வெளிச்சுருளில் உறைபனி மூடுவதில்லை. நம் பகைவர் வேறு. கடற்காற்றின் உப்பும் வாவியின் ஈரமும் செப்புப் பாதைகளை அரிக்கின்றன. சூட்டை நாடும் பல்லியும் எறும்பும் பலகையின் மேல் ஏறி மின்னைக் குறுக்கே இணைக்கின்றன. காப்புப் பூச்சுப் பூசிய பலகையும் இறுக மூடிய பெட்டியும் இங்கே ஆடம்பரமல்ல, தேவையாகும்.

மின்வழங்கலின் வரலாற்றையும் மறத்தலாகாது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் அணையிட்டு மறித்த கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிற்று. அவ்வணையின் நீர்மின் நிலையமும் 1950இல் இயங்கத் தொடங்கிய இலட்சபானாவும் இந்நாட்டு நீர்மின்னாக்கத்தின் தொடக்ககாலப் படைப்புகளாம். ஆயினும், 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும், பின்வந்த போரும், 2004இன் ஆழிப்பேரலையும், நாட்டப்பட்டவற்றை மீண்டும் மீண்டும் வீழ்த்தின. 2022 மார்ச்சு இறுதியில் நாட்டின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. மின் போவதும் வருவதுமாக இருந்தால், அந்த ஐந்து நிமிடத் தாமதத்தைச் சரியாக அமைத்த பலகையே அமுக்கியைக் காக்கும். தாமதத்தை நீக்கிவிட்டு, விரைவாகக் குளிர்கிறது என்று மகிழ்ந்தவன் அமுக்கியின் விலையைப் பின்னர்க் கொடுப்பான்.

பனிக்கட்டி செய்யும் அறையாயினும், மருத்துவமனையில் இரண்டுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட பாகையில் தடுப்பூசியைக் காக்கும் பெட்டியாயினும், கட்டளையிடும் உறுப்பு பிழைத்தால் உள்ளிருப்பது கெடும். பெட்டி ஓடும் ஒலி கேட்டுக்கொண்டேயிருக்கும். பொருள் மட்டும் பயனற்றுப் போகும். மற்றொன்றும் எண்ணத்தக்கது. வெப்பப் பம்பிக்கு இருமுனை உண்டு என்றோம். குளிர்ந்த முனை மீனைப் பழுதின்றி வைக்க, சூடான முனை உலர்த்தும் அறையைச் சூடாக்கலாம். இத்தகைய உலர்த்திகள் பிற நாடுகளில் வழக்கில் உள்ளன. வெயில் காணாத மாரி நாட்களிற் கருவாடு காய வைக்க வழியின்றித் தவிக்கும் கரைக்கு இது பொருந்தாதென்று யார் சொல்வார்?

காரேறுமூதூரிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானமும் கற்றுத் தமிழும் கற்றவர். கல்லடி உப்போடையில் 1929இற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். தமிழிற் கலைச்சொல் ஆக்கும் பணியிலும் தோள் கொடுத்தவர். பொறிநுட்பத்தைத் தாய்மொழியிற் பேச முடியும் என்பது அவர் போன்றோரின் துணிபு. அத்துணிபு நூலோடு நின்றுவிடலாகாது. வாவிக்கரைத் தொழிற்கூடத்தில் அளவுகருவியோடு நிற்கும் இளைஞன், உணரி என்ன சொல்கிறது, பலகை ஏன் காத்திருக்கிறது என்று தன் மொழியிலேயே எண்ணிப் பார்த்துத் தெளிதல் வேண்டும். கற்றவை உழைப்பாளியின் கைக்கு வந்து சேரும்போதே, கலனும் கெல்வினும் யோன்சனும் தேடிய அறிவு நம்முடையதாகும்.