கைக்கு வந்த கடைப்பலகை

இன்று ஒரு கடைக்கு வழி கேட்போரிடம் தெருவின் பெயரையும் கதவிலக்கத்தையும் சொல்லி அனுப்பிவிடுகிறோம். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இலண்டன் மாநகர வணிகருக்கு இந்த வசதி இருக்கவில்லை. கட்டடங்களுக்கு இலக்கம் இடும் வழக்கமே அங்கு வேரூன்றாத காலம் அது. எனவே ஒவ்வொரு கடையின் முகப்பிலும் ஒரு பலகை தொங்கிற்று. சிங்கம், தேவதை, சர்க்கரைக் கூம்பு என்று எழுத்தறியாதாரும் கண்டுகொள்ளும் சின்னங்கள்! அந்தப் பலகையை வாடிக்கையாளரின் கையிலேயே கொடுத்தனுப்ப வணிகர் கண்ட வழிதான் படமுள்ள வணிக அட்டை.

அட்டை என்பது பெயரளவில்தான். பெரும்பாலும் அது வெறும் தாளே. மேலே சின்னம், கீழே கடைக்காரர் பெயர், இருப்பிடம், சரக்குகளின் வரிசை. எஞ்சிய வெற்றிடத்தில் கணக்கெழுதி, அதையே பற்றுச்சீட்டாகவும் கொடுத்தனர். வெள்ளிப் பாத்திரங்களில் சித்திரம் வெட்டிய கைகளே இவற்றுக்கான செப்புத் தகடுகளையும் செதுக்கின. புகழ்பெற்ற ஓவியர் வில்லியம் ஹோகார்த் அத்தகைய பட்டறையில் தொழில் பயின்றவர். 1720இல் தமக்கென ஓர் அட்டை செதுக்கிக்கொண்டார். ஆடை விற்ற அவருடைய சகோதரியர் இருவரும் கடையை இடம் மாற்றியபோது, அச்செய்தியைச் சொல்லவும் ஓர் அட்டை வெளிவந்தது.

இத்தாள்களில் நம் சிந்தையை ஈர்ப்பது காப்பியின் கதை. 1652இல் பாஸ்குவா ரோசே என்பார் இலண்டனில் காப்பிக் கடை திறந்து, அப்பானத்தின் நற்குணங்களை அச்சிட்டு வழங்கினார். அவர் வைத்த சின்னம் அவருடைய தலையேதான்! பின்னர் ‘துருக்கியர் தலை’ பல காப்பிக் கடைகளின் சின்னமாயிற்று. ஏமன் நாட்டுக் கஹ்வா முஸ்லிம்களின் வழியாகவே அங்குச் சென்றதாதலின், தலைப்பாகை சரக்கின் தரத்துக்குச் சாட்சி சொன்னது போலும்.

புகையிலை வணிகரின் தாள்களோ நெஞ்சைச் சுடுகின்றன. வர்ஜீனியாத் தோட்டங்களில் உழைத்த ஆப்பிரிக்க மக்களை அவற்றில் அழகுப் பொருளாக வரைந்தார்கள். அம்மக்கள் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள் என்பதை அப்படங்கள் மறைக்கவுமில்லை, அதற்காக நாணவுமில்லை.

1762ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வெஸ்ட்மின்ஸ்டர்ப் பகுதியில் தெருவில் நீட்டிக்கொண்டிருந்த பலகைகள் இறங்கின. சுவர்களில் இலக்கங்கள் ஏறின. ஆயினும் பழகிய சின்னத்தை விட மனமின்றி, சின்னம், இலக்கம் இரண்டையுமே அச்சிட்டு வந்தோர் உளர்.

கசக்கி எறியத்தக்க இத்தாள்கள் நமக்கு எஞ்சியது எப்படி? அறிவியலறிஞர் ஜோசப் பேங்க்ஸின் தங்கை சாரா சோஃபியா பேங்க்ஸ் அவற்றை ஆயிரக்கணக்கில் தேடிச் சேர்த்தார். 1818இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பு பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தது. மரச்சாமான் வணிகரான ஆம்புரோஸ் ஹீல் திரட்டிய மற்றொரு பெருந்தொகுப்பும் 1959இல் அங்கேயே சேர்ந்தது. அவர் அவற்றைத் தேடியதில் வியப்பில்லை. மேசை செய்த தச்சர்கள் அதன் மேல் தம் பெயரைப் பொறிப்பது அரிது. சிலர் தம் அட்டையை இழுப்பறைக்குள் ஒட்டி வைத்தார்கள்.