ஒரு மணல்மணி போன தூரம்

அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் வட்டக்கோட்டை. வருகிறவர்கள் கோட்டைச் சுவரைப் பார்ப்பார்கள், கடலைப் பார்ப்பார்கள், செருப்பில் ஏறிய கறுப்பு மணலை உதறிவிட்டு வண்டி ஏறுவார்கள். உதறியதில் கறுப்பு, இல்மனைட். சிவப்பு, கார்னெட். தேன் நிறத்தில் இரண்டொன்று கிடந்தால் அது மோனசைட். அப்படி ஒரு மணியின் கதை இது.

அது கடலில் பிறக்கவில்லை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்னிந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் ஒட்டிக்கிடந்த காலத்தில், பூமியின் ஆழத்தில் வெந்த பாறைக்குள் பிறந்தது. பக்கத்திலிருக்கும் மருந்துவாழ் மலை அனுமார் கையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள் ஊரில்; பாறைகளின் சொந்தக் கதை அதைவிட நம்பக் கஷ்டமானது. மழை பெயர்த்தது, ஓடை உருட்டியது. கடல் சுளகில் புடைப்பதுபோல் இலேசான வெள்ளை மணலை அடித்துக்கொண்டு போய், கனத்ததைக் கரையில் விட்டது.

இதை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது கயிறு. திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்ட ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், 1909-இல் அதைத் தேடி மணவாளக்குறிச்சி வரை வந்துவிட்டார். அன்றைக்கு மோனசைட்டிலுள்ள தோரியம் காஸ் விளக்கின் மேண்டிலுக்கு. இன்றைக்கு மோனசைட் அணுக் கனிமம். தூக்குச்சட்டியில் அள்ளிக்கொண்டு போக முடியாது. அனுமதியோடு ஒரு பிடி ஆய்வகம் போகும்.

அங்கே நடப்பது அடுக்களை வேலை. அரிசியில் கல் அரிப்பதுபோல் தண்ணீர் விட்டு அரிப்பார்கள். காந்தம் காட்டி இரும்பு கலந்ததை ஒதுக்குவார்கள். புரோமோஃபார்ம் என்ற கனத்த திரவத்தில் கொட்டினால் குவார்ட்ஸ் மிதக்கும், மோனசைட் அடியில் தங்கும். பிறகு மைக்ராஸ்கோப்பில் குனிந்து, ஊசிமுனையால் ஒவ்வொரு மணியாகத் தள்ளி, இது வேண்டும், இது வேண்டாம். கழுத்து பிடித்துக்கொள்ளும். யாராவது தெரியாமல் ஃபேனைப் போட்டால், காலையிலிருந்து பொறுக்கியதெல்லாம் போயிற்று. முனைவர் பட்டம் என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதில் பாதி இந்தக் குனிந்த கழுத்துதான்.

பொறுக்கியதை எபாக்ஸியில் பதித்து, வைரப் பசையால் தேய்த்து, கார்பன் பூசி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். கண்ணுக்குத் தேன்துளியாக இருந்தது, திரையில் அறுத்த மரம்போல வளையம் வளையமாகத் தெரியும். தோரியம் கூடின இடம் வெளிச்சம். அடுத்தது மைக்ரோபுரோப்: மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஓரிரு கூறு அகலமுள்ள இடத்தில் எலக்ட்ரானைப் பாய்ச்சி, தோரியம், யுரேனியம், காரீயம் அளப்பார்கள். மோனசைட் பிறக்கும்போது காரீயத்தை உள்ளே விடாது என்றே சொல்லலாம். இப்போது இருப்பதெல்லாம் மற்ற இரண்டும் சிதைந்து ஆனது. அதுதான் வயதுக் கணக்கு. நடுவில் ஒரு வயது, ஓரத்தில் ஒரு வயது வந்தால், பாறை மறுபடியும் வெந்திருக்கிறது. அந்த வித்தியாசம் ஒரு கட்டுரையாகும். அதிர்ஷ்டம் இருந்தால் அதை வைத்து ஒரு வேலையும்.

இந்த மைக்ரோபுரோப் எல்லாக் கல்லூரியிலும் இராது. வெளியூர் ஆய்வகத்தில் நாள் குறித்து வாங்கி, மணிகளைப் பையில் வைத்து ரயிலேற வேண்டும். இரவு முறை கிடைத்தால் விடிய விடிய விழிப்பு. சில கருவிகளில் எலக்ட்ரானை உமிழும் முனை லாந்தனம் ஹெக்ஸாபோரைடு. லாந்தனம் பிரித்தெடுக்கும் கனிமங்களில் மோனசைட்டும் ஒன்று. அந்த இரவில் மணியைக் குத்துவது அதன் பங்காளியாகவும் இருக்கலாம்.