மேயர் பேசிய வானொலி, மேயரைக் கேள்வி கேட்ட வானொலி

குடிநீர், குப்பை, தெருவிளக்கு மாதிரி வானொலியையும் ஒரு மாநகராட்சி நடத்தினால் எப்படி இருக்கும்? நியூயார்க் நகரம் அதை 70 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திக் காட்டியது. நிலையத்தின் பெயர் டபிள்யூ.என்.ஒய்.சி. 1924 ஜூலை 8 அன்று மாநகராட்சிக் கட்டடத்திலிருந்தே அதன் ஒலிபரப்பு தொடங்கியது.

அதே மாதம் 31ஆம் தேதி நம் சென்னையிலும் வானொலி பேசத் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் உருவான மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், ஆர்வலர்களின் சங்கம். பணம் போதாமல் 1927இல் அது நின்றுபோனது. அதன் ஒலிபரப்புக் கருவியை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 முதல் தானே ஒலிபரப்பியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் அந்த அத்தியாயம் முடிந்தது. ஆக, வானொலி பிறந்த நாளிலிருந்தே அதன் முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான். செலவை யார் ஏற்பது?

நியூயார்க்கில் செலவு வரிப்பணத்திலிருந்து வந்தது. மக்கள் பணம் என்றால் மக்கள் குரல் ஒலித்திருக்க வேண்டும் அல்லவா? முதலில் ஒலித்தது மேயரின் குரல்தான். அப்போதைய மேயர் ஹைலன் தன் அரசியல் எதிரிகளைத் தாக்க நிலையத்தைப் பயன்படுத்துகிறார் என்று 1925இல் வழக்கே போட்டார்கள். வரிப்பணத்தில் ஓடும் வானொலியைக் கட்சிப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பும் வந்தது.

அடுத்து வருபவர் ஃபியோரெல்லோ லா கார்டியா. இது வீண் செலவு, இழுத்து மூடிவிடுவேன் என்று சொல்லித்தான் தேர்தலில் நின்றார். 1934இல் மேயரானதும் மனம் மாறினார். பின்னாளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரே மைக் முன் உட்கார்ந்தார். எந்தக் காய்கறி மலிவு, எதை இந்த வாரம் வாங்கலாம் என்பதுவரை பேசினார். 1945 ஜூலையில் பத்திரிகை விநியோக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, குழந்தைகளுக்காக சித்திரக்கதைகளை நடித்தே வாசித்துக் காட்டினார். இன்றைக்கும் அவரை அதற்காக நினைவு வைத்திருக்கிறார்கள்.

வீட்டு வசதியும் அவர் காலத்தில்தான் நகர அரசின் வேலையானது. 1934இல் நியூயார்க் வீட்டு வசதி ஆணையம் அமைந்தது. 1935 டிசம்பரில் ஏழைகள் அடைந்து கிடந்த கிழக்குப் பகுதியில் 'ஃபர்ஸ்ட் ஹவுசஸ்' என்ற முதல் குடியிருப்பு திறக்கப்பட்டது. வானொலியும் வீடும் ஒரே நகர அரசின் கையில். அந்த வீட்டில் குடியிருப்பவர் வானொலியில் பேச முடிந்ததா? பேசியது மேயர், கேட்டது மக்கள். அவ்வளவுதான்.

கலைக்கு மட்டும் அங்கே தாராளமாக இடம் கிடைத்தது. 1929 முதல் மேற்கத்திய செவ்வியல் இசைக்குத் தனி நேரம், 1940 முதல் ஆண்டுதோறும் அமெரிக்க இசை விழா. ஆஸ்கர் பிராண்ட் 1945இல் தொடங்கிய நாட்டுப்புறப் பாடல் நிகழ்ச்சி, அவர் 2016இல் மறையும்வரை நடந்தது. அதற்காக அவர் சம்பளம் வாங்கவில்லை. கம்யூனிஸ்ட் முத்திரை குத்தப்பட்டு மற்ற நிலையங்கள் ஒதுக்கிய பீட் சீகர் போன்ற பாடகர்களுக்கு அவர் இடம் கொடுத்தார். விளம்பரதாரர் இல்லாத வானொலியில்தான் இந்தத் துணிச்சல் சாத்தியம்.

1975இல் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தது. வானொலிக்கும் வெட்டு விழுந்தது. நேயர்களிடம் நிதி திரட்ட 1979இல் ஓர் அறக்கட்டளை தோன்றியது. 1995இல் மேயர் ஜூலியானி நிலையத்தை விற்பதென்று முடிவு செய்தார். அறக்கட்டளையே 2 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு வாங்கிக்கொண்டது. ஆறு ஆண்டுத் தவணை! 1997 ஜனவரியில் நிலையம் மாநகராட்சியின் கையைவிட்டுப் போனது.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1989இலேயே பிரையன் லேரர் அங்கே ஒரு தொலைபேசி உரையாடல் நிகழ்ச்சியைத் தொடங்கியிருந்தார். 2007இல் அவர் நேயர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். உங்கள் தெருக் கடையில் பால், கீரை, பீர் என்ன விலை என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். ஒரே பொருள் பேட்டைக்கு பேட்டை விலை மாறுவது தெரியவந்தது. அன்று மேயர் மக்களுக்குக் காய்கறி விலை சொன்னார். இன்று மக்களே விலை சொன்னார்கள்.

2016 முதல் 2021 வரை மேயர் டி பிளாசியோ வாராவாரம் வெள்ளிக்கிழமை அதே நிகழ்ச்சிக்கு வந்தார், நேயர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல. 2017-18 குளிர்காலத்தில் ஆணையத்தின் குடியிருப்புகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு நேரத்திலாவது வெப்பமூட்டும் வசதியோ வெந்நீரோ இல்லாமல் தவித்தார்கள். சுவர்ச் சாயத்தில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமலே சோதித்ததாக ஆணையம் பொய்ச் சான்று கொடுத்ததும் அம்பலமானது. இப்படிப்பட்ட நாட்களில் ஒரு மேயர் வாரம் ஒருமுறை குடிமக்களின் நேரடி அழைப்புக்குக் காது கொடுத்தாக வேண்டியிருந்தது என்பது சின்ன விஷயமில்லை.

அப்படியானால் நேயர் பணத்தில் நடப்பதே சிறந்தது என்று முடித்துவிடலாமா? "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது வானொலிக்கும் பொருந்தும். நன்கொடை கொடுக்க முடிந்தவர் வசதியானவர். ஹீட்டர் ஓடாத வீட்டில் இருப்பவர் கொடுக்க மாட்டார், ஆனால் அந்த வானொலி அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான். பெரிய நகரத்து நிலையம் நன்கொடையில் பிழைத்துக்கொள்ளும், சின்ன ஊர் நிலையம் என்ன செய்யும்? 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றபோது, பெரிய அடி விழுந்தது அந்தச் சிறிய நிலையங்களுக்குத்தான்.

அரசு பணம் கொடுத்தால் மேயர் பேசுகிறார். நேயர் கொடுத்தால் கொடுக்க முடிந்தவர் முன்னுக்கு வருகிறார். இரண்டு கணக்கிலும் ஒரு விடுதல் இருக்கிறது. டபிள்யூ.என்.ஒய்.சி. அந்த விடுதலைச் சமாளித்தது, பணம் கொடுத்தாரா என்று கேட்காமல் யார் அழைத்தாலும் தொலைபேசியை எடுத்ததால்.